கொழும்பில் உளநலப் பணி: எட்டுப் பேர் வட்டத்தில் தொடங்கித் தொழிலாக வளர்ப்பது எப்படி

உளநலத் துறையில் தொழில் அமைத்துக்கொள்ள விரும்பும் இளையோர் என்னிடம் முதலில் கேட்பது, எந்தப் பாடநெறியில் சேரலாம் என்பதைத்தான். பாடநெறி அவசியம்; அதைப் பின்னால் சொல்கிறேன். ஆயினும் அதற்கு முன்னர் எட்டுப் பேரைச் சேர்த்து, அவர்கள் தங்கள் வேலையையும் நித்திரையையும் பற்றி வாய் திறந்து பேசக்கூடிய ஒரு வட்டத்தை ஆறு மாதம் நடத்திப் பாருங்கள் என்பதே என் மறுமொழி. கொழும்பில் தமிழர் ஒருவர் தன் மனக்கஷ்டத்தைச் சொல்ல ஆள் தேடும்போது சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்த்துப் போவதில்லை. கூட அறையில் தங்கியிருப்பவர் "அவரிட்டச் சொல்லலாம், வெளியில போகாது" என்று சொன்ன பின்னரே போகிறார். உங்களைப் பற்றிப் பிறர் அப்படிச் சொல்லும் நிலையை உண்டாக்குவதே இந்தத் தொழிலின் முதல் வேலை.

யாரைச் சேர்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் தங்கி வேலைக்குப் போகும் தமிழ் இளையோரில் வடக்கைச் சேர்ந்தவர், கிழக்கைச் சேர்ந்தவர், மலையகத்தைச் சேர்ந்தவர் என எல்லோரும் இருக்கிறார்கள். புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் நாள் முழுதும் நின்று வேலை செய்பவரும், மென்பொருள் நிறுவனத்தில் நள்ளிரவில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருப்பவரும் ஒரே அளவு களைத்திருக்கலாம். ஆனால் ஒருவருடைய களைப்பின் காரணம் மற்றவருக்கு விளங்காது. ஆகவே உங்களுக்கு உள்ளும் புறமும் தெரிந்த ஒரு வேலையைச் செய்கிறவர்களோடு மட்டும் தொடங்குங்கள். வங்கியில் பணியாற்றியவராயின் வங்கி ஊழியரோடும், ஆசிரியராக இருந்தவராயின் ஆசிரியரோடும் தொடங்குவது நல்லது.

இங்கே எல்லாவற்றிலும் கடினமானது இரகசியம் காப்பதுதான். நம்மவர் இருவர் சந்தித்தால் முதலில் கேட்பது "ஊர் எது?" என்பது; அடுத்தது "எந்தப் பள்ளிக்கூடம்?" என்பது. மூன்றாவது கேள்விக்கு முன்னரே இருவருக்கும் தெரிந்த ஓர் உறவினர் அகப்பட்டுவிடுவார். அன்போடு கேட்கப்படும் அந்தக் கேள்விகளே, தன் மேலதிகாரியைப் பற்றிப் பேச வந்த ஒரு பெண்ணை வாயடைத்து உட்கார வைத்துவிடும். ஏனெனில் இங்கே சொன்னது இரவுக்குள் வவுனியாவில் அம்மாவின் காதுக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே வட்டத்துக்குள் ஊர், பள்ளிக்கூடம், தகப்பன் பெயர் ஆகியவற்றைக் கேட்பதில்லை என்பதை முதல் விதியாக வையுங்கள். ஒவ்வொரு சந்திப்பின் தொடக்கத்திலும் அதைச் சத்தமாகச் சொல்லுங்கள். பழையவர்களுக்குச் சலித்தாலும் புதிதாக வந்தவருக்கு அது தேவை.

இடம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கதவு சாத்தக்கூடியதாக இருக்க வேண்டும். காலிமுகத்திடலில் இலவசமாகக் கூடலாம், ஆயினும் கடற்காற்றில் மெல்லப் பேசுகிறவரின் குரல் கேட்காது. 1942 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற பொது நிலையங்களிலும், கோயில், தேவாலய மண்டபங்களிலும் சிறிய அறையொன்று கிடைக்குமா என்று நேரில் போய்க் கேளுங்கள். நேரத்தை வருகிறவர்களே தெரிவு செய்யட்டும். பெண்கள் வருவார்களாயின் பேருந்து குறைவதற்கு முன்னர் முடித்துவிட வேண்டும். முதல் நாள் இருட்டிய பின் வீடு போனவர் இரண்டாம் நாள் வரமாட்டார்.

சந்திப்பு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேற்பட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு நிமிடம் கொடுத்து, அவர் பேசி முடிக்கும் வரை எவரும் குறுக்கிடாமலும் புத்தி சொல்லாமலும் இருக்கப் பழக்குங்கள். புத்தி சொல்லாதிருப்பது நமக்குப் பெரும்பாடு. "நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போயிருக்கலாம்" என்ற ஒரு சொல் போதும், பேசியவர் மறுபடி பேசமாட்டார். புத்திக்குப் பதிலாக, "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?", "இதில் எது உங்களுக்கு அதிகம் பாரமாக இருக்கிறது?" என்று கேட்கலாம்.

"மன அழுத்தம்" என்ற சொல்லைக் கொண்டு தொடங்காதீர்கள். அது மேடையில் வளவாளர் பேசும் சொல். நம்மவர் உடம்பைக் கொண்டே மனத்தைச் சொல்கிறார்கள்: தலையிடி, நித்திரை வருகுதில்லை, நெஞ்சு படபடக்குது, பெருமூச்சு விடாமல் இருக்க முடியவில்லை, ஒரே யோசனையாக இருக்கு. "யோசனை" என்று ஒருவர் சொல்லும்போது அவர் சிந்தனையைச் சொல்லவில்லை. விட்டகலாத கவலையைச் சொல்கிறார். உளநலம் என்றவுடன் "எனக்கென்ன விசரோ?" என்று கேட்பவர், "பின்னேரம் ஆனால் ஏன் இப்படிக் களைக்குது?" என்ற தலைப்பில் கூட்டினால் முதல் வரிசையில் இருப்பார். சொற்களைக் குறித்துக்கொள்ள ஒரு கொப்பி வைத்திருங்கள், ஆனால் சொன்னவர் பெயரை எழுதாதீர்கள். பின்னாளில் நீங்கள் நடத்தப்போகும் எல்லாச் செயலமர்வுகளுக்கும் அந்தக் கொப்பியே மூலதனம்.

உங்கள் எல்லையை அறிந்திருப்பது இதைவிட முக்கியம். கேட்பதும் துணையிருப்பதும் உங்கள் வேலை. நோயை நிர்ணயிப்பது மருத்துவரின் வேலை. உலக சுகாதார ஸ்தாபனம் 2011 இல் உளவியல் முதலுதவிக்கென, அதாவது நெருக்கடியில் இருப்பவருக்கு உடனே துணைநிற்பதற்கென, ஒரு கைந்நூல் வெளியிட்டது. பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்ற மூன்று படிகளே அதன் சாரம். உரிய உதவியோடு ஆளைச் சேர்த்துவிடும் மூன்றாவது படியான இணைத்தலில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். யாரோடு இணைப்பது என்பதை ஆள் அழுதுகொண்டிருக்கும்போது தேட முடியாது. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசிச் சேவை, 1333 என்ற இலவச உளவளத்துணைச் சேவை, மனம் நொந்தவருக்குச் செவிகொடுக்கும் தொண்டு அமைப்பாக 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோ ஆகியவற்றை முன்கூட்டியே நீங்களே அழைத்து, தமிழில் பேசுபவர் எந்த நேரத்தில் இருப்பார், எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்று கேட்டு எழுதி வையுங்கள். எவராவது வாழ விருப்பமில்லை என்ற பொருள்படப் பேசினால், "சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக ஊட்டப்படுவதில்லை. ஒளித்து வைத்திருந்ததைச் சொல்ல வழி கிடைக்கிறது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், அவர் நம்பும் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இரகசியம் காப்போம் என்ற வாக்குறுதிக்கு இது ஒன்றே விதிவிலக்கு. அதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இப்படி ஆறு மாதம் போனால், வட்டத்துக்கு வருபவர் ஒருவர் "எங்கட கந்தோருக்கும் வந்து பேசுவீங்களா?" என்று கேட்பார். தொழில் அங்கே தொடங்குகிறது. சோதனையும் அங்கேதான் தொடங்குகிறது. நான் முன்னர் மனிதவளப் பிரிவில் வேலை செய்த ஒரு நிறுவனத்தில் நலவாழ்வு நாள் என்று ஒரு பிற்பகல் மொட்டைமாடியில் யோகாசனப் பயிற்சி வைத்தார்கள். கலந்துகொண்டவர்கள், விட்டுப்போன வேலையை முடிப்பதற்காக இரவு ஒன்பது மணி வரை இருந்தார்கள். அந்த நாளை ஒழுங்கு செய்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. யோகாசனம் நல்லது. ஆனால் ஒருவர் வெளிநாடு போனதும் அவருடைய வேலையை மிஞ்சியிருப்பவர் தலையில் கட்டும் இடத்தில், மூச்சுப் பயிற்சி எதையும் மாற்றாது.

உலக சுகாதார ஸ்தாபனமும் இதைத்தான் சொல்கிறது. வேலையால் ஒருவர் எரிந்து தீர்ந்துபோகும் நிலையை 2019 இல் அது நோயாக வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத நாட்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. சக்தி வற்றிப்போதல், வேலையின் மீது வெறுப்போ விலகலோ தோன்றுதல், செய்யும் வேலையில் திறன் குறைந்துவிட்டதாக உணர்தல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். 2022 இல் வெளிவந்த அதன் வழிகாட்டல்களும், ஊழியருக்குத் தனித்தனியே பயிற்சி கொடுப்பதோடு நில்லாமல், வேலையின் அமைப்பை மாற்றுவதையும் முகாமையாளரைப் பயிற்றுவதையும் வலியுறுத்துகின்றன.

ஆகவே நிறுவனமொன்று அழைத்தால், செயலமர்வுக்குத் திகதி குறிக்கும் முன்னர் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: கடந்த ஆண்டில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், எடுக்கப்படாத விடுமுறை எவ்வளவு, மேலதிக நேரம் எந்தப் பிரிவில் அதிகம். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தையும் வாசித்திருங்கள். சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்பதும், மேலதிக நேரம் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேற்படக்கூடாது என்பதும், அந்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு என்பதும், ஆண்டுக்கு 14 நாள் விடுமுறையும் சிறு தேவைகளுக்கு 7 நாளும் உண்டு என்பதும் பல கடைப் பணியாளருக்கு இன்னும் தெரியாது. நித்திரையில்லை என்று வருகிறவருக்கு இவற்றைச் சொல்வதும் உளநலப் பணிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் முதலாளியோடு சண்டை பிடிக்கப் போவதுபோல் பேசாதீர்கள். பழகிய ஊழியர் போய்விட்டால் புதியவரைப் பழக்க எத்தனை மாதம் ஆகும் என்று அவரிடமே கேளுங்கள்.

மொழி உங்களுக்குள்ள தனிப்பலம். கூட்டங்களில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தடையின்றிப் பேசும் தமிழ் ஊழியர் பலர், அழுகை வரும் விடயத்தைத் தாய்மொழியில் மட்டுமே சொல்ல முடியும் என்பதைத் தாங்களே பின்னர்தான் உணர்கிறார்கள். அதே வேளையில் சிங்களம் கற்றுக்கொள்ளுங்கள்; தமிழருக்கென்று தனியே நடத்தும் அமர்வை மற்றவர்கள் சந்தேகத்தோடு பார்க்காதிருக்க, இரு மொழியிலும் ஒரே நாளில் நடத்துவது உதவும்.

அமர்வு முடிந்த பின் "இதைச் சொன்னது யார்?" என்று ஒரு மேலாளர் கட்டாயம் கேட்பார். அதற்கான பதில் உடன்படிக்கைக் கடிதத்தில் முன்னரே இருக்க வேண்டும்: அறிக்கையில் பொதுவான விடயங்கள் மட்டுமே வரும், பெயரோ ஆளை இனங்காட்டும் குறிப்போ வராது, ஐந்து பேருக்குக் குறைந்த பிரிவைத் தனியே காட்டமாட்டோம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் அக்கடிதத்தில் குறிப்பிடலாம். இதற்கு ஒத்துக்கொள்ளாத நிறுவனத்தின் பணத்தை வாங்காதீர்கள்.

வருமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், முதல் ஆண்டில் இருக்கும் வேலையை விடாதீர்கள். வட்டத்தை எப்போதும் இலவசமாக நடத்துங்கள். நிறுவனங்களிடம் கட்டணம் வாங்குங்கள், கட்டண விபரத்தை எழுத்தில் கொடுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். சம்பள வேலையில் இருந்தபோது ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் செலுத்திய 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்குச் செலுத்திய 3 சதவீதமும் இனி இல்லை என்பதைப் பலர் காலந்தாழ்த்தியே நினைக்கிறார்கள். உங்கள் கட்டணத்தில் அதைச் சேர்த்துக் கணக்கிட்டு, ஒவ்வொரு மாதமும் தனியே வையுங்கள்.

இப்போது பாடநெறி. கொழும்புப் பல்கலைக்கழகம், நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகம், தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் ஆகியவற்றில் உளவியல், உளவளத்துணை சார்ந்த கற்கைகளை விசாரியுங்கள். மொழிமூலம் எது, மேற்பார்வையோடு கூடிய நேரடிப் பயிற்சி எத்தனை மணித்தியாலம் என்ற இரண்டையும் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். வார இறுதிச் சான்றிதழொன்றை வைத்துக்கொண்டு உளவியலாளர் என்று பெயர்ப்பலகை மாட்டுவது பெருந்தவறு. தகுதி வரும் வரை "நலவாழ்வுப் பயிற்றுநர்" என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

கேட்கிறவருக்கும் கேட்க ஆள் வேண்டும். மாதத்தில் ஒரு தடவையாவது, உங்களைவிட அனுபவமுள்ள உளவளத்துணையாளர் ஒருவரிடம் போய், பெயர் சொல்லாமல், உங்களை உறங்கவிடாத கதையைச் சொல்லுங்கள். கிழமையில் ஒரு நாள் தொலைபேசியை நிறுத்தி வையுங்கள். அந்த நாளில் 1926 க்கு அழைக்கும்படி வட்டத்தாருக்கு முன்னரே சொல்லியிருங்கள்.

முதல் சந்திப்புக்கு எட்டுப் பேரை அழைத்தால் ஐந்து பேர் வருவார்கள், மூன்றாவதில் மூவர் இருப்பார்கள். அப்போது விளம்பரம் செய்யப் போக வேண்டாம். அந்த மூவருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு, குறித்த நேரத்துக்கே தொடங்குங்கள்.