பூதக்கண்ணாடி வாங்கும் முன்: குறைபார்வை உள்ள வீடுகளில் நடக்கும் தவறுகள்

"ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துச்சு, ஆனா விழித்திரை கெட்டுப்போச்சு. இனிமே கண்ணாடி மாத்தியும் பிரயோஜனம் இல்லை." டாக்டர் இப்படிச் சொன்னதோடு அப்பத்தாவின் கண் விஷயத்தை மூடிவைத்துவிடும் குடும்பங்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நிறைய. பெரிய தவறு இதுதான். மருந்தாலும் அறுவையாலும் இனிப் பார்வையைக் கூட்ட முடியாது என்பதுதான் டாக்டர் சொன்னது. மிச்சமிருக்கிற பார்வையை வைத்து என்னென்ன செய்துகொள்ளலாம் என்பது வேறு கேள்வி. அதற்கென்றே பயிற்சி எடுத்த ஆப்டோமெட்ரிஸ்டுகள் (பார்வையை அளந்து கண்ணாடியும் கருவியும் தேர்ந்து தருகிறவர்கள்) இருக்கிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. சிகிச்சையும் சரியான கண்ணாடியும் கொடுத்த பிறகும் நல்ல கண்ணில் 6/18-க்குக் கீழே (மற்றவர் 18 மீட்டரிலிருந்து படிப்பதை 6 மீட்டரிலிருந்துகூடப் படிக்க முடியாமல்) இருந்தால் குறைபார்வை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முழுசாக மங்கும்வரை காத்திருக்க வேண்டாம். பார்வை கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போதே பழகுவது சுலபம்.

அடுத்தது, கடையில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கையில் கொடுத்துவிடுவது. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் விளக்கு வைத்த பெரிய லென்ஸாகவே கொண்டுவருவார்கள். நாலு நாளில் அது அலமாரிக்குள் போய்விடும். லென்ஸ் என்றால் பெரிதாகக் காட்டும், அதனால் பவர் எவ்வளவு கூடினாலும் நல்லது என்கிற நினைப்புதான் காரணம். பவர் கூடக்கூட ஒரு பார்வைக்குள் அடங்கும் எழுத்துகள் குறையும், பிடிக்கும் தூரமும் குறையும். கணக்கு எளிது: 100-ஐப் பவரால் (டயாப்டர்) வகுத்தால் பிடிக்கும் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 20 பவர் கை லென்ஸை எழுத்திலிருந்து 5 சென்டிமீட்டருக்குள் பிடிக்க வேண்டும். 8 பவர் மூக்குக்கண்ணாடி போட்டவர் பேப்பரைப் பன்னிரண்டரை சென்டிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும், அதாவது கிட்டத்தட்ட மூக்கருகில். இதை யாரும் சொல்லித்தராததால் பழைய பழக்கத்தில் மடியில் வைத்தே படிக்கப் பார்த்து, "மங்கலாத்தான் இருக்கு" என்று கழற்றிவிடுகிறார்கள். கண்ணாடி சரி, தூரம்தான் தப்பு. அவ்வளவு கிட்டத்தில் வைத்துப் படித்தால் கண் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறவர்களும் வீட்டில் இருப்பார்கள். கெடாது.

வேலையைச் சொல்லாமல் கருவி கேட்பதும் வீண். ஓலைக் கொட்டான் (கூடை) முடைகிற ஆச்சிக்குக் கை லென்ஸ் எதற்கு? இரண்டு கையும் ஓலையில் இருக்குமே! அவருக்கு மூக்கில் மாட்டுகிற லென்ஸோ, வளைகிற தண்டில் நிற்கிற லென்ஸோதான் சரி. பேருந்துப் பலகை படிக்க வேண்டிய ஐயாவுக்குச் சின்னத் தொலைநோக்கி. ஆகவே ஆப்டோமெட்ரிஸ்டிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். மாத்திரை அட்டை, பாஸ்புக், பாராயணப் புத்தகம், பாதியில் நிற்கும் கொட்டான், பழைய கண்ணாடிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அவசரமாகவும் போகாதீர்கள், கருவியைக் கையில் கொடுத்துப் பழக்கிப் பார்க்க நேரம் பிடிக்கும்.

அப்புறம் வீடு. முற்றத்து வெயிலில் இருந்து இரண்டாம் கட்டு இருட்டுக்குள் நுழையும்போது நமக்கே ஒரு நொடி கண் கட்டும். விழித்திரை பழுதானவருக்கு அது வெகுநேரம் நீடிக்கும். ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவேலையில் படியின் விளிம்பு தெரியவே தெரியாது. வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில்) விளக்கு போதாமல் இருக்கும், பளபளப்பான தரையோ கூசும். மஞ்சள் டேப் ஒன்றைப் படி விளிம்பில் ஒட்டினாலே பாதிப் பயம் போகும். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு போடுவதை நிறுத்துங்கள். வாழை இலையில் பரிமாறினால் சோறு எங்கே, கூட்டு எங்கே என்று அவரே பார்த்துக்கொள்வார். நாற்காலிகளை இடம் மாற்றாதீர்கள், கதவைப் பாதி திறந்து வைக்காதீர்கள்.

இன்னொன்றை வீடுகள் வெளியே சொல்வதே இல்லை. பார்வை நன்றாகக் குறைந்த பெரியவர்களில் சிலர், "வளவுல சின்னப் பிள்ளைகள் உக்காந்திருக்கு", "சுவரெல்லாம் பூக்கோலம் ஓடுது" என்பார்கள். புத்தி பேதலித்தது என்று கிசுகிசுப்பு, இல்லையென்றால் மந்திரிக்க அழைத்துப் போவது. அதனாலேயே பெரியவர்கள் மறைத்துவிடுகிறார்கள். கண்ணிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை தானாகவே படம் போட்டுக்கொள்வதுதான் இது. ஸ்விட்சர்லாந்துக்காரரான சார்லஸ் போனே, தம் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை 1760-ல் எழுதினார். இன்றும் இதை அவர் பெயரில், சார்லஸ் போனே சிண்ட்ரோம் என்றுதான் அழைக்கிறார்கள். தெரிவது நிஜமில்லை என்று அந்தப் பெரியவருக்கே புரிந்திருந்து, பேச்சும் நினைவும் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் டாக்டரிடம் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். "எப்பவாவது இல்லாதது தெரியுதா ஆச்சி?" என்று ஆப்டோமெட்ரிஸ்ட் கேட்டதும் நிம்மதியில் அழுதுவிடுகிறவர்கள் உண்டு.

பள்ளிப் பிள்ளைக்குக் குறைபார்வை என்றால் முன் பெஞ்சில் உட்கார வைத்தாலே போதும் என்று ஆசிரியர்கள் நினைத்துவிடுகிறார்கள். கரும்பலகைக்குத் தொலைநோக்கி, புத்தகத்துக்குச் சாய்வுப் பலகை, பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் எல்லாம் கேட்டுப் பெறலாம். ஊனச் சான்றிதழை ஆப்டோமெட்ரிஸ்ட் தரமாட்டார், அதற்கு அரசு மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஊனம் 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால்தான் பெரும்பாலான சலுகைகள். வீட்டில் ஒருவருக்குப் பார்வை குறைந்ததற்குக் காரணம் கிளாகோமா (கண் நீர் அழுத்த நோய்) என்றால், கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் அதே வாரத்தில் கண் பார்க்க அனுப்புங்கள்.