ஸ்டெம் செல் சிகிச்சை: கையெழுத்துப் போடும் முன் செய்யும் தவறுகள்

தமிழில் ‘பரிசோதனை’ என்ற சொல் நமக்கு ஒரு வம்பு செய்து வைத்திருக்கிறது. ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதும் பரிசோதனை. இதுவரை யார் உடம்பிலும் செலுத்தாத ஒன்றை முதன்முதலாக ஒருவருக்குச் செலுத்திப் பார்ப்பதும் பரிசோதனை. “உங்களுக்கு ஒரு பரிசோதனை செய்யப் போகிறோம்” என்று வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னால் நம் மனதில் ஓடுவது முதல் பொருள்தான். ஸ்டெம் செல் என்பது பலவகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். பழுதான உறுப்பைச் சரிசெய்ய அதை உடம்பில் செலுத்துவதுதான் ஸ்டெம் செல் சிகிச்சை. இந்த விஷயத்தில் பல பேர் தடுக்கி விழும் முதல் கல் ‘பரிசோதனை’ என்ற சொல்தான்.

சிகிச்சை என்றால் உங்களைக் குணப்படுத்துவதுதான் நோக்கம். ஆய்வின் நோக்கம் ஒரு கேள்விக்கு விடை காண்பது. அதிலும் முதல் கட்ட ஆய்வில் பெரும்பாலும் கேட்கப்படுவது ‘இது ஆபத்தில்லாததா, எவ்வளவு கொடுக்கலாம்’ என்பதுதான். நோய் தீருமா என்ற கேள்வி அப்புறம்தான் வரும். இது தெரிந்தே ஆய்வில் சேருகிறவர்கள் பெரிய மனசுக்காரர்கள். தெரியாமல் சேர்வதில்தான் சிக்கல். ஒப்புதல் படிவம் கைக்கு வந்ததும் அதில் ‘ஆய்வு’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது, தீங்கு நேர்ந்தால் செலவு யாருடையது, நடுவில் விலகிக்கொள்ளலாமா என்று பாருங்கள். இவை எழுத்தில் இல்லையென்றால் பேனாவை மூடி வைத்துவிடலாம்.

ஒரே இதழ், இரண்டு கதைகள்

2017 மார்ச்சில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ ஏடு ஒரே இதழில் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டது. இரண்டும் முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி சிதையும் நோயைப் பற்றியவை. இரண்டிலும் நோயாளியின் சொந்தச் செல்களையே பயன்படுத்தினார்கள். ஒற்றுமை அத்தோடு முடிந்தது.

முதல் கதை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருந்த மூன்று பெண்கள் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே அவர்களுடைய வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, நொதி சேர்த்துச் செல்களைப் பிரித்து, அவர்கள் ரத்தத்திலிருந்து எடுத்த பிளாஸ்மாவோடு சேர்த்துக் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். ஒரே நாளில், இரண்டு கண்ணிலும். ஆளுக்கு 5,000 டாலர் கட்டணம். சில நாட்களில் ரத்தக்கசிவு, விழித்திரை பிரிதல் என்று வரிசையாக வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, அவர்களில் நல்ல நிலையில் இருந்த கண்ணுக்கே சட்டப்படி பார்வையற்றவர் என்று சொல்லும் அளவுக்குத்தான் பார்வை மிஞ்சியிருந்தது. ஒருவருக்கு ஒளி கூடத் தெரியவில்லை.

இரண்டாவது கதை ஜப்பானின் கோபே நகரில் நடந்தது. ரிகென் ஆய்வு நிறுவனத்தின் மசாயோ தகஹாஷி குழுவினர், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் தோல் செல்களை ஐபிஎஸ் செல்களாக (முதிர்ந்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி உருவாக்கும் ஸ்டெம் செல்கள்) மாற்றி, அவற்றிலிருந்து விழித்திரை நிறமிச் செல்களை மெல்லிய தாள் போல வளர்த்தார்கள். புற்றுநோயாக மாறும் அறிகுறி இருக்கிறதா என்று சலித்துப் பார்த்த பிறகு, 2014இல் ஒரு கண்ணில் மட்டும் அதைப் பதித்தார்கள். ஒரு வருடம் கழித்துத் தாள் அப்படியே இருந்தது. பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாவதாக ஒருவருக்கும் செல்கள் தயாராகின. அந்தச் செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் பதிக்காமலே விட்டுவிட்டார்கள்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது பதிக்காமல் விட்ட அந்த இரண்டாவது தாள்தான். எத்தனை மாத உழைப்பு! நோயாளியும் காத்திருந்தார். இருந்தும் ஒரு சந்தேகத்துக்காக நிறுத்தினார்கள். கட்டுப்பாடு என்றால் நிறையப் பேருக்கு ஏதோ அலுவலகத்துக் கோப்பு நினைவுக்கு வருகிறது. நடைமுறையில் அது இப்படி ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒருவர் இருக்கும் ஏற்பாடுதான். ஃபுளோரிடாவில் அந்த ஒருவர் இல்லை. புதிய முறையை ஒரு கண்ணில் செய்து காத்திருந்து பார்க்க வேண்டும் என்பது கண் மருத்துவத்தில் அரிச்சுவடி. அதைக் கூட யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

‘உங்க செல்தானே, என்ன ஆகிவிடும்?’

விற்பனைப் பேச்சிலேயே கெட்டிக்காரத்தனமான வரி இது. சொந்தச் செல் என்றால் உடல் நிராகரிக்காது என்பது ஓரளவுக்கு உண்மை. ஆனால் செல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். முதுகுத்தண்டு அடிபட்டுக் கால் செயலிழந்த ஓர் இளம்பெண்ணுக்கு, அவருடைய மூக்கின் உள்சவ்வை எடுத்துத் தண்டுவடத்தில் வைத்தார்கள். எட்டு வருடம் கழித்து முதுகுவலி என்று வந்தார். தண்டுவடத்தில் ஒரு கட்டி. திறந்து பார்த்தால் உள்ளே மூக்குத் திசு, கெட்டிச் சளி. பாவம், அந்தச் செல்கள் தமக்குத் தெரிந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. 2014இல் இது மருத்துவ இதழில் வெளியானது. எட்டு வருடம் என்பதைக் கவனியுங்கள். ‘இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை’ என்று ஒரு கிளினிக் சொன்னால், எத்தனை வருடம், எத்தனை பேரைத் தொடர்ந்து பார்த்தீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

சட்டத்திலும் இதே வாதம் ஓடியது. ‘நோயாளியின் கொழுப்பை எடுத்து அவருக்கே திருப்பிக் கொடுக்கிறோம், இது மருந்து இல்லை, அறுவைச் சிகிச்சை’ என்று அமெரிக்கக் கிளினிக்குகள் வாதாடின. 2019இல் ஃபுளோரிடாவில் ஒரு நீதிபதி இதை ஏற்கவில்லை. 2022இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி ஏற்றுக்கொண்டார். 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. இதில் பார்க்கப்படும் அளவுகோல்கள் எளிமையானவை: எடுத்த திசுவைப் பெரிதாக மாற்றினார்களா, அது முன்பு செய்த வேலையைத்தான் புது இடத்திலும் செய்யப் போகிறதா? கொழுப்புக்குக் கண்ணுக்குள் என்ன வேலை?

பதிவு எண்ணும் பெரிய பெயரும்

ஃபுளோரிடாவின் அந்த மூன்று பெண்களில் சிலர், தாங்கள் ஒரு மருத்துவ ஆய்வில் சேர்ந்திருப்பதாகவே நம்பினார்கள். அமெரிக்க அரசின் இணையப் பதிவேட்டில் அந்த ஆய்வு பதிவாகியும் இருந்தது. கையெழுத்து வாங்கிய தாள்களில் மட்டும் ஆய்வு என்ற பேச்சே இல்லை. பதிவேட்டில் பெயர் இருப்பதால் யாரோ சரிபார்த்து அனுமதித்துவிட்டார்கள் என்று பொருளில்லை. ஆய்வு நடத்துகிறவரே விவரத்தைப் பதிவேற்றுவார். அவ்வளவுதான். பங்கேற்பவரிடமே முழுச் செலவையும் வசூலிக்கும் ‘ஆய்வு’ என்றால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். முறையான ஆய்வுகளில் சோதிக்கப்படும் பொருளுக்குப் பொதுவாக நோயாளி பணம் கட்டுவதில்லை.

சரி, பெரிய நிறுவனம் என்றால் நம்பலாமா? ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் மருத்துவ நோபல் பரிசுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் இடம். அங்கே பணியாற்றிய அறுவை மருத்துவர் பாவ்லோ மக்கியாரினி, 2011 முதல் பிளாஸ்டிக் மூச்சுக்குழாயில் நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களைத் தூவி நோயாளிகளுக்குப் பொருத்தினார். உலகமே கொண்டாடியது. அதற்கு முன்னால் விலங்குகளில் போதுமான அளவு சோதித்திருக்கவில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இல்லை. ‘உயிர் காக்கும் கடைசி முயற்சி’ என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஸ்வீடனில் இந்தக் குழாய் பொருத்தப்பட்ட மூவரும் இறந்துபோனார்கள். விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர்கள் கூட வேலை பார்த்த நான்கு மருத்துவர்கள். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. ‘கடைசி முயற்சி’ என்ற சொல் காதில் விழும்போது, யாருக்குக் கடைசி, யார் அப்படி முடிவு செய்தது என்று இன்னொரு மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

நெறிமுறை என்றால் கருவைப் பற்றிய பேச்சு மட்டும்தானா?

1998இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்ததிலிருந்தே (அப்போது கரு அழிந்துவிடும்) சண்டை கருவைச் சுற்றித்தான். பிறகு ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாகா, முதிர்ந்த செல்லையே பின்னோக்கித் திருப்பி ஐபிஎஸ் செல்லாக்கும் வழியை 2006இல் எலியிலும் 2007இல் மனிதச் செல்லிலும் காட்டினார். 2012இல் நோபலும் வந்தது. ‘கரு வேண்டாம், ஆகவே நெறிமுறைச் சிக்கல் தீர்ந்தது’ என்று எழுதியவர்கள் ஏராளம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தென்கொரிய விஞ்ஞானி ஹுவாங் வூ சுக் விவகாரத்தைப் பாருங்கள். குளோனிங் மூலம் மனித ஸ்டெம் செல் உருவாக்கியதாக 2004, 2005 ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரைகள் போலி என்று தெரிந்து, 2006 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டன. 2,000க்கும் மேற்பட்ட கருமுட்டைகள் அதற்குச் செலவாகியிருந்தன. கொடுத்தவர்களில் அவருடைய ஆய்வகத்திலேயே வேலை பார்த்த இளம் ஆய்வாளர்களும் உண்டு. தலைவரின் ஆய்வுக்குக் கருமுட்டை தேவை என்னும்போது, அவரிடம் வேலை பார்க்கும் பெண்ணின் ‘சம்மதம்’ எவ்வளவு சம்மதம்? ஐபிஎஸ் வந்ததால் இந்தக் கேள்வி மறையவில்லை. தோல் செல் கொடுப்பவருக்கும் இது பொருந்தும்.

பிரசவத்தின்போது எடுத்துச் சேமிக்கும் தொப்புள்கொடி ரத்தத்திலும் ஸ்டெம் செல்கள் உண்டு. அதைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைக்குப் பிறவியிலேயே மரபணு நோய் இருந்தால், சேமித்து வைத்த அதன் சொந்த ரத்தத்திலும் அதே குறை இருக்கும். ‘எதிர்காலக் காப்பீடு’ என்று விற்பவர்கள் இதைச் சின்ன எழுத்தில்தான் சொல்வார்கள், சொன்னால்.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘எல்லாமே ஏமாற்று’ என்று ஒதுக்குவதும் தவறுதான். ரத்தப் புற்றுநோய்க்கான எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் ஸ்டெம் செல் சிகிச்சைதான். அதற்காக அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1990இல் நோபல் வாங்கினார். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய்க்கு, நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களில் மரபணுவைத் திருத்தும் காஸ்ஜெவி என்ற சிகிச்சை 2023இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. விதிகள் எப்போதும் ஆமை வேகம் என்பதும் சரியில்லை. ஜப்பான் 2015இல் ஏழே நோயாளிகளின் தரவை வைத்து, இதயத்துக்கான ஹார்ட்ஷீட் என்ற செல் தாளுக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. பலன் நிரூபணமாகவில்லை என்று 2024இல் முழு அனுமதி மறுக்கப்பட்டது. இடைப்பட்ட ஒன்பது வருடம் அது நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது.

ஏற்கெனவே எங்கோ போய் ஊசி போட்டுக்கொண்டவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் மறைப்பது. திட்டுவாரே என்ற கூச்சம்தான். திட்டினால் திட்டட்டும். என்ன செல், யாருடையது, எந்தத் தேதியில், எந்த இடத்தில் போட்டார்கள், குப்பியில் இருந்த தொகுதி எண் என்ன என்பதையெல்லாம் ரசீதோடு சேர்த்து ஒரு கோப்பில் வைத்து அவரிடம் காட்டிவிடுங்கள். பல வருடம் கழித்து ஸ்கேனில் ஒரு நிழல் தெரிந்தால், அவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.