வள்ளிமலைக்கும் மேல்பாடிக்கும் ஒரு காலைப்பொழுது போய்ட்டு வர்றது எப்படி

வேலூர்னா எல்லாரும் கோட்டை, தங்கக் கோயில்னு போய்ட்டு திரும்பிடுறாங்க, ஆனா காட்பாடி தாண்டி சேர்க்காடு வழியா சுமார் 25 கிலோமீட்டர் போனா வள்ளிமலை, அதுக்குப் பக்கத்துலயே பொன்னை ஆத்தங்கரையில மேல்பாடி, இந்த ரெண்டையும் சேர்த்து ஒரு காலை நேரத்துல நிதானமா பார்த்துட்டு வரலாம். பழைய கல்லும் பாக்கலாம், பறவையும் பாக்கலாம். நான் பல தடவை போய்ட்டு வந்ததை வெச்சு சொல்றேன்.

முதல்ல எப்போ போறதுன்னு பார்த்துடலாம். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் போங்க. ஏப்ரல், மே மாசம் வேண்டவே வேண்டாம், நம்ம ஊரு வெயில் உங்களுக்கே தெரியும், அந்தப் பாறை பத்து மணிக்கெல்லாம் கொதிக்க ஆரம்பிச்சிடும், மேல முருகன் கோயிலுக்குப் போறதுனா செருப்பை கழட்டணும் வேற. காலைல அஞ்சு மணிக்கு வேலூர்ல இருந்து கிளம்பினா விடியுறதுக்குள்ள மலையடிவாரத்துல இருக்கலாம். கிருத்திகை, தேர் சமயம், ஞாயித்துக்கிழமை எல்லாம் கூட்டம் இருக்கும், சாமி கும்பிட அது நல்ல நாள், பறவை பாக்க இல்ல. செவ்வாய்க்கிழமையும் முருகனுக்கு விசேஷம்ன்றதால புதன், வியாழன்ல போங்க.

ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தயிர் சாதமோ புளிசாதமோ மூடி போட்ட டப்பால, ஒரு சின்ன நோட்டு, பைனாகுலர் இருந்தா 8x42ன்னு போட்டிருக்கறது போதும், இல்லன்னாலும் பரவால்ல. டிரெஸ் பச்சை, பழுப்பு மாதிரி மங்கலான கலர்ல இருக்கட்டும். பிளாஸ்டிக் கவர் மட்டும் கையில வேண்டாம், அந்த சத்தம் கேட்டாலே குரங்கு வந்துடும், வந்தா எதுவும் போடாதீங்க, நாம போட்டுப் பழக்குறதாலதான் அதுங்க அடுத்த ஆள் பையைப் பிடுங்குது.

வள்ளியை கிழங்கு தோண்டின பள்ளத்துல குழந்தையா கண்டெடுத்தது, அவ பரண் மேல நின்னு ஆலோலம் பாடி தினைப்புனத்துல கிளியை விரட்டினது எல்லாம் இங்கதான்னு நம்ம ஜனங்க நம்புறாங்க. அவ விரட்டின கிளியைத்தான் இன்னிக்கு நாம காத்திருந்து பாக்குறோம்னு நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும்.

இந்த மலைல சமணர் குகையும் இருக்கு, மேல கோயிலுக்குப் போறவங்க பாதி பேர் அதைப் பாக்காமலே இறங்கிடுறாங்க. பாறையில வரிசையா தீர்த்தங்கரர் (சமணர் வணங்குற குருமார்) சிற்பங்கள், பக்கத்துல கன்னட மொழியில கல்வெட்டுகள். 9ஆம் நூற்றாண்டுல கங்க மன்னன் ராசமல்லன் இந்தச் சமணப் பள்ளியை உண்டாக்கினான்னு ஒண்ணு சொல்லுது, இன்னொண்ணுல அச்சணந்தின்ற சமணத் துறவி பெயர் வருது, மதுரைப் பக்கம் சமண மலைகள்ல வர்ற அதே பெயர். எழுத்து மங்கலா இருந்தா நேரா வெளிச்சம் அடிக்காதீங்க, செல்போன் டார்ச்சை பாறையோட ஒட்டி பக்கவாட்டுல பிடிங்க, பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து தானா எழுந்து வரும். சாக்பீஸ், மாவு, தண்ணி எதையும் தேய்க்கக் கூடாது, ஆயிரம் வருஷத்துக்கு மேல மழை வெயில் தாங்கினது நம்ம கைபட்டு தேஞ்சா அந்த நஷ்டத்தை யாராலயும் ஈடு கட்ட முடியாது.

இப்போ முக்கியமான விஷயம். நடக்கறதை நிறுத்திட்டு ஒரு இடத்துல உக்காருங்க. அரை மணி நேரம். பேசக்கூடாது, போன் சைலண்ட்ல. முதல் பத்து நிமிஷம் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், அப்புறம் பாறை இடுக்குல இருந்து ஓணான் தலை தூக்கும், கருஞ்சிட்டு வந்து வாலை விசுக்குன்னு நிமிர்த்தும், அடியில செந்நிறம் தெரியும், மின்கம்பியில பஞ்சுருட்டான் பறந்து பூச்சி பிடிச்சுட்டு அதே இடத்துக்கு திரும்பும், புதர்ல செம்போத்து உக்கு உக்குன்னு கூப்பிடும். கல்வெட்டும் இப்படித்தான், உக்காந்து பாத்தாதான் தெரியும்.

ஆந்தை தேடுறவங்க எடுத்த எடுப்புல மேல பாக்காதீங்க, முதல்ல பாறையில வெள்ளையா எச்சம் வழிஞ்ச கோடு இருக்கான்னு பாருங்க, அதுக்கு மேல இருக்கற பொந்துல இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு இதை சொல்லிக் கொடுத்தது ஆடு மேய்ச்சுட்டு வந்த ஒரு பாட்டிம்மா. "இன்னா நைனா கீழ தேடற, அந்தா மேல கீது பாரு"ன்னு கோலை நீட்டினாங்க, ரெண்டு மஞ்சள் கண்ணு என்னையே பாத்துட்டு இருந்துச்சு.

பாறையில பெரிய தேன்கூடு தொங்கினா பக்கத்துல போகாதீங்க, புகை, செண்ட் ரெண்டும் ஆகாது. இடுக்குல கை விடாதீங்க, பாம்பு இருக்கும்.

ஒன்பதரைக்கு இறங்கி மேல்பாடி போங்க. இங்க ராசராசன் கட்டின சோமநாதர் கோயில் இருக்கு, அதைவிட எனக்குப் பிடிச்சது அவன் தன்னோட தாத்தா அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்த ராஜா நினைவா எடுக்கற கோயில். சின்ன கோயில், கூட்டமே இருக்காது. 949ல தக்கோலத்துல நடந்த போர்ல சோழர் தோத்தாங்க, அரிஞ்சயனோட அண்ணன் ராசாதித்தன் யானை மேலயே செத்துப் போனான், ஜெயிச்ச ராஷ்டிரகூட ராஜா கன்னரதேவன் (மூன்றாம் கிருஷ்ணன்) 959ல இதே மேல்பாடியில பாளையம் போட்டு உக்காந்து செப்பேடு கொடுத்திருக்கான். எதிரி கூடாரம் அடிச்ச ஊர்ல பேரன் வந்து தாத்தாவுக்கு கோயில் எடுத்திருக்கான்னு தெரிஞ்சுட்டு உள்ள போனா அந்தக் கல்லு வேற மாதிரி இருக்கும். வெளிச்சுவரைச் சுத்தி ஒரு தடவை மெதுவா நடங்க, கல்வெட்டு கண்ணுல படும்.

அப்புறம் ஆத்தங்கரை. பொன்னையில தண்ணி எப்பவும் இருக்காது, ஆனா எங்கயாவது குட்டை தேங்கி இருந்தா அங்க மடையான், மீன்கொத்தி, கத்திக்கிட்டே சுத்துற ஆள்காட்டிக் குருவி எல்லாம் வரும். ஆள்காட்டி உங்க தலைக்கு மேலயே கத்திட்டு சுத்தினா பக்கத்துல முட்டை இருக்கலாம்னு அர்த்தம், உடனே வந்த வழியே பின்னாடி போயிடுங்க, அது வெறும் தரையில கல்லு மாதிரியே முட்டை வைக்கும், காலடியில இருந்தாலும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் பாத்ததை நோட்டுல எழுதி வெச்சுக்கங்க, போட்டோவும் போடுங்க, ஆனா ஆந்தை, கூடு எதுவா இருந்தாலும் எந்த இடம்னு மட்டும் போடாதீங்க. அந்தப் பாட்டிம்மா காட்டின பாறை எதுன்னு நானும் யார்கிட்டயும் சொன்னதில்ல.