பழைய ஆட்டோபைலட்டை லேப்டாப்போடு பேச வைக்க

லேப்டாப்பில் கடல் வரைபட மென்பொருளான ஓப்பன்சிபிஎன் ஜம்மென்று ஓடுகிறது, படகைத் தானாகத் திருப்பிச் செலுத்தும் பழைய ஆட்டோபைலட் மட்டும் ‘நோ டேட்டா’ என்று அடம்பிடிக்கிறதா? புதுசு வாங்கக் கிளம்பாதீர்கள். ரிச்சி தெருவில் ஒரு யுஎஸ்பி–சீரியல் அடாப்டர் வாங்கினால் பெரும்பாலும் போதும். ஆர்எஸ் 232 அல்லது 422 (இரண்டும் சீரியல் சிக்னல் வகைகள்) என்று கேட்டு வாங்குங்கள். சர்க்யூட் போர்டுகளுக்கான டிடிஎல் வகையைத் தலையில் கட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதில் சிக்னலே தலைகீழ்.

232 என்றால் டிஎக்ஸ் (தகவல் அனுப்பும்) கம்பி பைலட்டின் என்எம்இஏ (படகுக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) உள்ளீட்டு பிளஸுக்கு, கிரவுண்டு மைனஸுக்கு. என்எம்இஏ 0183-க்கு வேகம் 4800 பாட், அதாவது நொடிக்கு 4800 பிட். சில சமயம் போர்ட் அமைப்பு 9600-இல் நிற்கும், அதைக் கவனிக்காமல் கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுபவர்கள்தான் அதிகம்.

மென்பொருளில் அந்த போர்ட்டுக்கு வெளியீட்டை டிக் செய்து, ஃபில்டரில் பைலட்டுக்கு வழிசொல்லும் தகவல் வரிகளான ஏபிபி, ஆர்எம்பி, எக்ஸ்டிஇ மட்டும் விடுங்கள். சுற்றியுள்ள கப்பல்கள் தங்களைப் பற்றி அனுப்பும் ஏஐஎஸ் தகவலையும் சேர்த்துக் கொட்டினால் 4800-இல் மூச்சு முட்டும். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல்கள் கொஞ்சமா என்ன!

ரூட்டை வரைந்தால் மட்டும் போதாது, ஆக்டிவேட் செய்தால்தான் ஏபிபி வெளியே போகும். அப்படியும் அசையாவிட்டால் ஏபிபி பேரிங்கின் (திசைக் கோணத்தின்) தசம இலக்கங்களைக் குறைத்துப் பாருங்கள். பழைய பைலட்டுகள் சிலவற்றுக்கு நீளமான எண் ஆகாது.