கேட்பவரை நடிக்க வைக்காதீர்கள்: உரையாடல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நினைவாற்றலும், பிறர் நிலையிலிருந்து காணும் திறனும் நம் பேச்சை எவ்வாறு வடிவமைக்கின்றன என்பதைச் சோதிக்க விரும்பும் மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களை ஆண்டுதோறும் படிக்கிறேன். தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகளை அவற்றில் மீண்டும் காண்கிறேன். ஒலிப்பதிவுக் கருவியைச் சரிபார்க்க மறப்பது போன்றவை ஒருமுறை பட்டாலே திருந்திவிடும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கேட்பவராக நம் ஆளையே அமர்த்துவது

இத்துறையின் அடிப்படைச் சோதனை எளிமையானது. மறைப்புக்கு இருபுறமும் இருவர் அமர்வார்கள். இருவரிடமும் ஒரே 12 டேன்கிராம் உருவங்கள், அதாவது ஒரு சதுரத்தை வெட்டிய ஏழு துண்டுகளைச் சேர்த்து அமைத்த வடிவங்கள், அட்டைகளில் இருக்கும். ஒருவர் விவரிக்க, மற்றவர் அதே வரிசையில் அட்டைகளை அடுக்க வேண்டும். ஹெர்பர்ட் கிளார்க்கும் டியன்னா வில்க்ஸ்-கிப்ஸும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் சுற்றில் ஓர் உருவத்துக்குச் சராசரியாக 41 சொற்கள் செலவிட்டவர்கள், ஆறாம் சுற்றில் எட்டுச் சொற்களில் முடித்தார்கள். அந்தச் சுருக்கம் பேசுபவர் தனியாகச் செய்ததன்று. கேட்பவர் தயங்கியும் கேட்டும் திருத்தியும் ஏற்றுக்கொண்ட பிறகே ஒரு பெயர் இருவருக்கும் உரியதாகிறது.

இதை அறிந்த பின்னரும், செலவு குறையும் என்று கேட்பவரின் இடத்தில் தம் உதவியாளரையே அமர்த்துகிறார்கள். அந்த வரியைத் திட்டத்தில் படிக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் அதனால் என் நான்கு மாத உழைப்பு வீணானது. 24 பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து பேசினார்கள். கேட்டவர் எப்போதும் என் உதவியாளர்தான். உருவங்கள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம் என்பதால், தேடுவது போல் நடிக்க அவருக்குப் பயிற்சி அளித்திருந்தேன். பதிவுகளை எழுத்தாக்கும்போதுதான் உண்மை புலப்பட்டது. “ஒருத்தர் உட்கார்ந்திருக்கார், கை வந்து...” என்று ஒருவர் தடுமாறுகிறார். உட்கார்ந்த உருவங்கள் நான்கு இருந்தன. எதுவென்று தெரிய வழியே இல்லாத அந்த இடத்தில் உதவியாளரின் “ம், சரி” விழுந்துவிடுகிறது. கை எப்படி இருந்தது என்பதைப் பேசியவர் சொல்லி முடிக்கவேயில்லை. அடுத்த சுற்றில் அவர் சொன்னது “உட்கார்ந்தவர்” என்ற ஒற்றைச் சொல். அவர் கேட்பவரின் நிலையை எண்ணிப் பார்த்தாரா என்பதை அளக்க விரும்பிய நான், என் உதவியாளருக்கு எவ்வளவு நினைவிருந்தது என்பதைத்தான் அளந்திருந்தேன்.

அறியாமையை நடிக்கலாம்; ஆனால் கேள்வி பிறக்கும் நேரத்தையும் தலையசைப்பின் நேரத்தையும் நடிக்க இயலாது. அன்னா கூலனும் சூசன் பிரென்னனும் 2013-இல் இந்த ஆபத்தை விரிவாக எழுதினார்கள். கேட்பவரும் உண்மையான பங்கேற்பாளராக இருக்கட்டும். முடியாதபோது, உதவியாளர் அதுவரை கண்டிராத உருவங்களையாவது ஒவ்வொரு முறையும் கொடுங்கள்.

சுருக்கத்தைக் கரிசனமாக எண்ணுவது

ஒருவர் பழைய பெயரையே மீண்டும் சொல்வது, எதிரில் இருப்பவருக்கு அது தெரியும் என்பதாலா, தம் நாவில் அது முதலில் வருவதாலா? நடுவில் கேட்பவரை மாற்றாத சோதனையால் இதற்கு விடை சொல்ல முடியாது. புதியவரிடம் வருணனை மீண்டும் நீண்டால்தான் பிறர் நிலை பற்றிப் பேசலாம்.

ஒவ்வொரு தவறையும் தன்னலம் என்று படிப்பது

யாரிடம் எதைச் சொன்னோம் என்பதும் ஒரு நினைவே. அது எளிதில் நழுவும். சொன்னதையே மறுபடி சொல்பவரும், சொல்லாததைத் தெரிந்ததாகக் கொள்பவரும் பிறரைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

மறதி நோயில் எல்லாம் அழிந்ததாகக் கொள்வது

மெலிசா டஃப் குழுவினரின் 2006 ஆய்வில், புதிய நினைவுகளை உருவாக்க உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சேதமடைந்தவர்களும் தமக்கு நெருக்கமானவர்களோடு டேன்கிராம் உருவங்களுக்குச் சுருக்கமான பெயர்களை உருவாக்கிக்கொண்டார்கள். ஆனால் ‘உனக்கும் எனக்கும் தெரிந்த அது’ என்று உணர்த்தும் ‘the’ என்ற ஆங்கிலச் சுட்டை அவர்கள் மற்றவர்களைப் போல் சீராகப் பயன்படுத்தவில்லை என்று அதே குழுவினர் 2011-இல் காட்டினார்கள். பெயரைக் கற்பதும், அது பகிர்ந்த பெயர் என்று குறிப்பதும் ஒரே நினைவின் வேலை அல்ல.

ஆங்கில அளவுகோலைத் தமிழில் வைப்பது

அந்தச் சுட்டுக்கு நேரான சொல் தமிழில் இல்லை. ‘அந்த’ என்ற சொல்லை மட்டும் எண்ணிவிட்டு, பகிர்ந்த அறிவு குறைவு என்று எழுதும் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். “படம் எடு” (ஏதேனும் ஒரு படம்) என்பதற்கும் “படத்தை எடு” (இருவருக்கும் தெரிந்த படம்) என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வேற்றுமை உருபே சுமக்கிறது. எழுவாயைச் சொல்லாமல் விடும் இடங்களும், கேட்பவரை உள்ளடக்கும் ‘நாம்’, விலக்கும் ‘நாங்கள்’ ஆகியவையும் கணக்கில் வர வேண்டும்.

எழுத்தாக்கத்தில் ‘ம்’, ‘ஆ’, மௌனம் ஆகியவற்றை நீக்குவது

நீக்காதீர்கள்.