அமெரிக்கக் கட்சி மாநாடுகளின் வரலாற்றைத் தரவுத்தளங்களில் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேடுசொல்லில் நேரும் எழுத்துப்பிழை, மேற்கோள் குறி இட மறத்தல் போன்றவற்றை நூலகரிடம் கேட்டே சரிசெய்துகொள்ளலாம் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாடுகளை ஆராயும் இத்துறையில் பலரும் தொடக்கத்தில் செய்து, இப்போது புதியவர்களும் தவறாமல் செய்துவரும் பிழைகள் வேறு.

காப்பகத்தின் கால எல்லையைப் பாராமை

வாண்டர்பில்ட் தொலைக்காட்சிச் செய்திக் காப்பகம் 1968 ஆகஸ்டில்தான் தொடங்குகிறது; ஜனநாயகக் கட்சியின் 1964 அட்லாண்டிக் சிட்டி மாநாட்டை அதில் தேடாதீர்கள்.

இன்றைய பெயரால் அன்றைய மாநாட்டைத் தேடுதல்

இதைக் கண்டால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. லிங்கனை மீண்டும் வேட்பாளராக்கிய 1864 மாநாட்டை ஆராய்ந்த மாணவர் ஒருவர், 'ரிபப்ளிகன் நேஷனல் கன்வென்ஷன்' என்று இட்டுத் தேடி, கிடைத்தது சொற்பமாக இருக்கவே, உள்நாட்டுப் போரின் நெருக்கடியில் நாளிதழ்கள் அம்மாநாட்டைப் பொருட்படுத்தவில்லை என்று ஓர் இயலே எழுதிவிட்டார். உண்மையில், போரை ஆதரித்த ஜனநாயகக் கட்சியினரையும் சேர்த்துக்கொள்வதற்காகக் குடியரசுக் கட்சி அவ்வாண்டு ஜூனில் 'நேஷனல் யூனியன்' என்ற பெயரில் பால்டிமோரில் கூடியிருந்தது. 'யூனியன் கன்வென்ஷன்', 'பால்டிமோர் கன்வென்ஷன்' என்ற பெயர்களில் செய்திகள் பத்தி பத்தியாக இருந்தன. இயல் முழுவதையும் அவர் அழித்து எழுத வேண்டியதாயிற்று.

பெயரைச் சரியாக அறிந்துவிட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. 1866 ஆகஸ்டில், லிங்கனுக்குப் பின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சனின் ஆதரவாளர்கள் பிலடெல்பியாவில் 'நேஷனல் யூனியன்' என்ற இதே பெயரில் வேறொரு மாநாட்டைக் கூட்டினார்கள். ஆண்டை வரையறுக்காவிட்டால் இரண்டும் கலந்துவிடும். போதாக்குறைக்கு, அக்கால நாளிதழ்களின் பத்திகள் குறுகியவை. 'கன்வென்' என்பது ஒரு வரியின் கடைசியிலும் 'ஷன்' என்பது அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழுந்திருந்தால், பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் அவற்றைச் சேர்த்துப் படிக்காமல் போகக்கூடும். எனவே முதலில் மாநாட்டின் அதிகாரபூர்வ நடவடிக்கைக் குறிப்பை ஹாத்தி டிரஸ்ட் என்ற மின்னூலகத்தில் தேடி எடுத்து, இடம், நாள், முக்கியப் பேராளர்களின் பெயர்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய அமெரிக்க நாளிதழ்களின் தரவுத்தளமான 'குரோனிக்ளிங் அமெரிக்கா'வில் அந்த வாரத்து இதழ்களைத் தேடுசொல் எதுவும் இடாமல் பக்கம் பக்கமாகப் புரட்டி, செய்தியாளர்கள் கையாண்ட சொற்களைத் திரட்டிய பின்பே தேடல் பெட்டிக்குத் திரும்புங்கள்.

நாள் வடிகட்டியை இறுக்கிவிடுதல்

ஜனநாயகக் கட்சி 1860 ஏப்ரலில் சார்ல்ஸ்டனில் கூடி, 57 சுற்று வாக்கெடுப்பு நடத்தியும் எவருக்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் கலைந்து, ஜூனில் பால்டிமோரில் மீண்டும் கூடித்தான் ஸ்டீபன் டக்ளஸை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தது. ஏப்ரல், மே என்று வடிகட்டியவர் முடிவைப் பார்க்கவே மாட்டார்.

ஒரே நாளிதழை நம்புதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இதழ்களில் பெரும்பாலானவை வெளிப்படையாகவே ஒரு கட்சியைச் சார்ந்தவை. எதிர்த்தரப்பு இதழ் ஒன்றையாவது உடன் படியுங்கள்.

சுற்றின் இறுதி எண்ணிக்கையை மட்டும் எடுத்தல்

1860 இல் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டின் மூன்றாம் சுற்று வாக்கெடுப்பில் லிங்கன் பெற்றவை 231½ வாக்குகள், தேவைப்பட்டவை 233. ஒஹாயோ பேராளர்கள் நான்கு வாக்குகளை மாற்றியளித்த பின்னரே மற்ற மாநிலங்களும் அடுத்தடுத்து அவர் பக்கம் சாய்ந்தன. மாற்றங்களுக்குப் பிந்தைய கூட்டுத்தொகையை மட்டும் அட்டவணையில் இட்டால், அவர் எளிதாக வென்றதாகவே தோன்றும்.