சமையலறை ஆர்.ஓ.வும் பவளத் தொட்டியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பெருங்குடியிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். ஐந்தடி நீளத்தில் புதிதாகப் பவளத் தொட்டி (பவளங்களும் கடல் மீன்களும் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) வைத்திருக்கிறார். மூன்றே மாதத்தில் மணல் முழுக்கப் பழுப்புப் படலம், பாறை முழுக்க முடிப்பாசி. "விளக்கை மாற்றிப் பார்க்கட்டுமா அண்ணா?" என்றார். தண்ணீர் எதிலிருந்து பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "வீட்டு ஆர்.ஓ.தான் அண்ணா. டி.டி.எஸ். 80தான் காட்டுகிறது, சுத்தமான தண்ணீர்" என்றார். டி.டி.எஸ். என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பு முதலியவை எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கின்றன என்ற அளவு. அந்த '80தான்' என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. ஏழெட்டு வருடங்களுக்கு முன் இதே சொல்லை நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றக் கூடாது, ஃபில்டர்களைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கிய முதல் வாரத்திலேயே காதில் விழுந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

என் தொட்டி சம்ப்போடு (மீன் தொட்டிக்குக் கீழே வடிகட்டலுக்காக வைக்கும் துணைத் தொட்டி) சேர்த்து 600 லிட்டர். இந்தியாவில் கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றின் பக்கம் நான் போவதில்லை. என்னிடம் இருப்பவை தோல் பவளம், காளான் பவளம், ஜோவாந்திட் (பொத்தான் போன்ற சிறு பவள உயிரி), கூடவே இறால், நத்தை, துறவி நண்டு. வேளச்சேரியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், டேங்கர் லாரித் தண்ணீர் மூன்றும் ஒரே நிலத்தடித் தொட்டியில்தான் விழும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தென்சென்னைக்கு வரும் மெட்ரோ தண்ணீரில் ஒரு பங்கு நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கி எடுப்பது. அவர்கள் பாடுபட்டு எடுத்த உப்பை நான் காசு கொடுத்து வாங்கி மறுபடியும் கரைக்கிறேன்.

குடிக்கும் தண்ணீருக்கான இயந்திரத்தை வாங்குவது

2017இல் தொட்டியை அமைத்தபோது, கடைக்காரர் சமையலறைச் சுவரில் மாட்டும் ஓர் ஆர்.ஓ. இயந்திரத்தைக் காட்டி, "குழந்தைகளே குடிக்கிற தண்ணீர் சார், மீனுக்கு ஆகாதா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. வாங்கினேன். முதல் ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. மீட்டரில் 38, 40 என்று காட்டும். நானும் மகிழ்ச்சி, தொட்டியும் மகிழ்ச்சி.

பிறகு சர்வீஸுக்கு ஆள் வந்தார். நான் அலுவலகத்தில் இருந்தேன். தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அவர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சிறிய திருகு ஒன்றை ஸ்குரூ டிரைவரால் இரண்டு சுற்றுத் திருப்பிவிட்டு, "இப்போது குடித்துப் பாருங்கள் மேடம்" என்றாராம். தண்ணீர் இனித்தது. டி.டி.எஸ். 120க்குப் போனது. மாலையில் வீட்டுக்கு வந்த எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அந்தத் திருகுக்கு டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ டி.டி.எஸ்.ஸைக் குறைக்கிற கருவி போல இருக்கும். அது செய்வது நேர்மாறான வேலை. உப்பை நிறுத்தும் சவ்வான மெம்பரேனுக்குள் போகாத தண்ணீரில் கொஞ்சத்தைச் சுற்றுவழியில் கொண்டுவந்து, சுத்தமான தண்ணீரோடு கலக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் தண்ணீர் அப்போது 1100. மெம்பரேன் தருவது 40. இரண்டையும் கலந்து 120 ஆக்க வேண்டுமானால் பதின்மூன்றில் ஒரு பங்கு போர் தண்ணீர் சேர வேண்டும். அதாவது நான் தொட்டிக்குப் பிடித்த ஒவ்வொரு 13 லிட்டரிலும் ஒரு லிட்டர், மெம்பரேனைக் கண்ணால்கூடப் பார்க்காத தண்ணீர்.

அது பெரிய விஷயமா என்று கேட்கலாம். கடல்நீரின் உப்பு லிட்டருக்கு 35 கிராம். அதில் 120 மில்லிகிராம் எந்த மூலைக்கு? நானும் அப்படித்தான் கேட்டேன். மொத்தம் எவ்வளவு என்பதல்ல கேள்வி, அந்த 120க்குள் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 நைட்ரேட்டை லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. மனிதருக்கு அது சரி. ஆனால் பாசிக்கு அது உரம். தொட்டியில் நைட்ரேட்டை 5, 10க்குள் நிறுத்தத்தான் நாம் இவ்வளவு பாடும் படுகிறோம். போர் தண்ணீரில் 40 இருந்தால், சுற்றுவழி மட்டுமே நாம் பிடிக்கும் ஒவ்வொரு லிட்டரிலும் 3 மில்லிகிராம் சேர்த்துவிடும். எனக்கு வாரத்துக்கு 130 லிட்டர் தேவை: ஆவியாகிப் போவதை ஈடுகட்ட 70, தண்ணீர் மாற்ற 60. ஆக, வாரம் தவறாமல் கிட்டத்தட்ட 400 மில்லிகிராம் நைட்ரேட்டை நானே அளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும். அது கொண்டுவந்ததெல்லாம் தொட்டியிலேயே தங்கும். மணலில் பழுப்புப் படலமாகப் படரும் பாசிக்குத் தீனியான சிலிகேட்டும் அப்படித்தான். மெம்பரேனில் உப்புப் படியாமலிருக்கப் போடும் ஆன்டிஸ்கேலன்ட் உருண்டைகள் இருக்கின்றனவே, அவை பெரும்பாலும் பாஸ்பேட் சேர்மம். மெம்பரேன் வழியே போனால் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். உருண்டைகளைத் தாண்டிய பிறகு சுற்றுவழி பிரிகிற இயந்திரமாக இருந்தால், நேராகத் தொட்டிக்குத்தான்.

முதலில் மணலில் பழுப்புப் படலம் வந்தது. பிறகு முடிப்பாசி. விளக்கைக் குறை கூறினேன், மாற்றினேன். தீனியைப் பாதியாக்கினேன், மீன்கள் இளைத்ததுதான் மிச்சம். பாஸ்பேட் உறிஞ்சும் துகள்களை மாதாமாதம் வாங்கினேன். எதுவும் எடுபடாததால், எல்லாரும் சொல்லும் மருந்தைக் கையில் எடுத்தேன்: வாரம் இருமுறை தண்ணீர் மாற்றினேன். அதே தண்ணீரால்! மாற்ற மாற்றப் பாசி செழித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுப் பாறை தேய்த்துக்கொண்டிருப்பேன். உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்த பச்சை ஜோவாந்திட் கூட்டம் ஒன்று பாசிக்கு அடியில் மூடிக்கொண்டது, திறக்கவே இல்லை. தோல் பவளம் ஒரு பக்கமாகச் சுருங்கிச் சாய்ந்தது.

எட்டு மாதம் கழித்து, மகள் பள்ளிச் செயல்திட்டத்துக்காகச் சமையலறைத் தண்ணீரை மீட்டரால் அளந்தாள். "அப்பா, 124 காட்டுகிறது." அதற்குள் செலவு 30,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. பவளத் தொட்டிக்கென்றே விற்கும் ஆர்.ஓ.டி.ஐ. அமைப்பை (ஆர்.ஓ.வுக்குப் பிறகு எஞ்சும் உப்பையும் டி.ஐ. ரெசின் துகள்களால் நீக்குவது) அதில் பாதிக்குள் வாங்கியிருக்கலாம்.

இன்றும் எரிச்சலூட்டுவது என்னவென்றால், இதில் யார் மீதும் குற்றமில்லை. சர்வீஸ்காரர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். இயந்திரமும் தனக்கு இட்ட வேலையைத்தான் செய்தது. மினரல் கார்ட்ரிட்ஜ், கலக்கும் திருகு என அதன் கடைசிக் கட்டங்கள் தண்ணீரில் எதையாவது சேர்ப்பதற்காக அமைந்தவை. நமக்கு வேண்டியது எடுத்துக்கொண்டே போகிற இயந்திரம்: தூசு பிடிக்கும் ஸ்பன் ஃபில்டர், கார்பன், மெம்பரேன், கடைசியாக டி.ஐ. ரெசின். அதற்குப் பிறகு எதுவும் இருக்கக் கூடாது. வீட்டு இயந்திரத்தை வைத்தே சமாளிக்க நினைத்தால், மெம்பரேனிலிருந்து வரும் குழாயை மற்றவற்றோடு சேரும் முன்பே பிரித்து, தனி ரெசின் குடுவைக்குக் கொண்டுபோகலாம். அதைச் செய்யத் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

ஜி.பி.டி. எண்ணை அப்படியே நம்புவது

மெம்பரேன் ஒரு நாளில் எத்தனை காலன் தரும் என்பதே ஜி.பி.டி. 75 ஜி.பி.டி. என்றால் ஒரு நாளைக்கு 284 லிட்டர். அது போதிய அழுத்தமும் குறைந்த உப்பும் உள்ள தண்ணீருக்கான எண். மேல்நிலைத் தொட்டி உங்கள் குழாய்க்குப் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது ஒரு பார் அழுத்தம், சுமார் 14 பி.எஸ்.ஐ. மெம்பரேன் கேட்பது 50, 60. பூஸ்டர் பம்ப் இல்லாமல் வெளிநாட்டு அமைப்பை அப்படியே வாங்கி மாட்டிய நண்பருக்கு, இரவெல்லாம் ஓடி ஒரு பக்கெட் கிடைத்தது. அழுத்தம் குறைந்தால் அளவு மட்டும் குறையாது. உப்பை நிறுத்தும் திறனும் குறையும். மேல் மாடிக்காரர்கள் பம்ப்புக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

மீட்டரில் பூஜ்யம் வந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது

மீட்டர் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. ரெசின் தீரும்போது முதலில் நழுவி ஓடுவது சிலிகா. அது பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாமல் கரைந்திருப்பதால் மீட்டர் 000 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மணலில் பழுப்புப் படலம் திரும்பினால் எண்ணை நம்பாமல் ரெசினை மாற்றுங்கள்.

இன்னொன்று போர் தண்ணீருக்கே உரியது. அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயு மெம்பரேனைத் தாராளமாகத் தாண்டிவந்து ரெசினைத் தின்றுவிடும். ரெசின் ஏன் இரண்டே மாதத்தில் நிறம் மாறுகிறது என்று புலம்புகிறவர்கள், மெம்பரேன் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து, ஒருநாள் காற்றுக் குமிழி விட்டு, பிறகு ரெசினுக்கு அனுப்பிப் பார்க்கலாம். எனக்கு நன்றாகவே வேலை செய்தது.

ப்ளீச்சிங் பவுடர் நாள்

குடியிருப்புச் சங்கம் நிலத்தடித் தொட்டியைக் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போடும் நாளில் இயந்திரத்தை நிறுத்திவையுங்கள். குளோரின் கார்பனைத் தாண்டினால் மெம்பரேன் அரித்துப் போகும். நோட்டீஸ் பலகையைப் படிக்காததால் நான் இழந்தது ஒரு மெம்பரேன்.

பித்தளை வால்வு

வேண்டாம். பித்தளையிலிருந்து கரையும் செம்பு, மனிதர் அறியாத அளவே ஆனாலும் இறாலுக்கு எமன்.

கேன் தண்ணீர்

அதிலும் தாது சேர்ப்பவர்கள் உண்டு. எதைச் சேர்த்தார்கள், எவ்வளவு என்று கேனில் பெரும்பாலும் எழுதியிருக்காது.

சம்ப்பில் மிதவை வால்வோடு நேரடி இணைப்பு

இயந்திரத்தையே சம்ப்போடு இணைத்துவிட்டால் ஆவியாவது தானாக நிரம்பும் என்று ஆசை வரும். மிதவையில் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தால் போதும், விடிவதற்குள் தொட்டியின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மிதவை அப்படிச் சிக்கிக்கொள்ளாவிட்டாலும் கேடுதான்: வால்வு அடிக்கடி திறந்து மூடும்போது, ஒவ்வொரு முறையும் முதல் சில நிமிடத் தண்ணீர் உப்பு மிகுந்து வந்து ரெசினைக் காலி செய்யும். டிரம்மில் மொத்தமாகப் பிடியுங்கள், முதலில் வருவதைக் கொட்டுங்கள், அங்கிருந்து சிறிய பம்ப்பால் ஏற்றுங்கள்.

கழிவுத் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காதது

ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வெளியே போகும் என்று வைத்தால், எனக்கு வாரம் 390 லிட்டர். இதைக் குறைக்கக் கழிவுக் குழாயைக் கிள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். போர் தண்ணீரில் அப்படிச் செய்தால் மெம்பரேனில் சுண்ணாம்பு கட்டிவிடும்.

2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, லாரிக்காக மக்கள் குடத்தோடு நின்றபோது, "மீனுக்கு நானூறு லிட்டரா?" என்ற கேள்வி முதலில் என் வீட்டிலேயே எழுந்தது. அன்று மாடிப்படி அருகில் 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை வைத்தேன். கழிவுக் குழாய் அதில் விழும். தரை துடைக்க, கழிவறைக்கு, வண்டி கழுவ, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். செடிக்கு மட்டும் வேண்டாம், உப்பு அதிகம். பெருங்குடித் தம்பி இப்போது புதிய அமைப்பு வாங்கிவிட்டார்; கழிவுக் குழாயை எங்கே விடுவது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. எங்கள் மாடியில் அந்தக் கவலை இல்லை. சனிக்கிழமை நான் மோட்டாரைப் போடத் தாமதித்தால் எதிர்வீட்டுப் பாட்டியே வாளியோடு வந்து கதவைத் தட்டுகிறார்: "என்னப்பா, இன்றைக்கு மீனுக்குத் தண்ணீர் பிடிக்கவில்லையா?"